நீ போற இடத்துக்கு

அக்கராயன்
12.10.97

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்களையும் மச்சாளையும் ஆண்டவர் சுகமாக வைச்சிருப்பார் எண்டு நம்புறன். எனக்கு உடம்புக்கு ஒண்டுமில்லை. இவருக்குத்தான் சுகமில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுறன்.

கிளிநொச்சியிலை இருந்து இடம்பெயர்ந்து வந்த நாள் தொடக்கம் இவருக்கு வயித்துக்குள்ளை ஒரு நோ. வெறும் வாய்வு எண்டு சொல்லிக்கொண்டு திரிஞ்சார். போன மாதம் கண் மஞ்சளாப் போச்சு. டொக்டர் என்னைத் தனியக் கூப்பிட்டு, ஈரலிலை கட்டி, கொழும்புக்குக் கொண்டுபோனாலும் இனிச் செய்ய ஒண்டுமில்லை எண்டு சொன்னவர். இவருக்குச் சொல்லாதேங்கோ எண்டு கேட்டன். வீட்டை வாற வழியிலை இவர், "டொக்டர் சொன்னதை ஏன் நீ தனியச் சுமக்கிறாய், ரூபி?" எண்டு கேட்டார். என்ர முகத்தைப் பாத்தே அவருக்கு விளங்கியிட்டுது.

அண்ணா, நீங்கள் போதகர். அதாலை கேக்கிறன். சைவக்காரர் ஒருத்தரைக் கட்டினதிலை உங்களுக்கும் ஐயாவுக்கும் வந்த மனவருத்தம் எனக்குத் தெரியும். கலியாணத்துக்கு எங்கட பக்கத்திலை ஒருத்தரும் வரேல்லை. அதை இப்ப கதைக்க வரேல்லை. இவ்வளவு வருசத்திலை இவர் என்னைச் சேர்ச்சுக்குப் போகாதை எண்டு ஒருநாளும் சொன்னதில்லை. மழை எண்டாலும் சைக்கிளிலை ஏத்திக்கொண்டுபோய் விட்டிட்டு, ஆராதனை முடியும்வரை வெளியிலை நிப்பார். உள்ளை வரமாட்டார். ஞானஸ்நானமும் எடுக்கேல்லை.

இப்பிடி ஒரு மனிசன் செத்தால் எங்கை போவார்? எனக்கு ஒளிக்காமல் எழுதுங்கோ.

உங்கட செபத்திலை எங்களையும் நினையுங்கோ.
தங்கச்சி
ரூபி


வவுனியா
9.11.97

கர்த்தருக்குள் அன்பான தங்கச்சி ரூபிக்கு,

உன் கடிதம் நேற்றுத்தான் கிடைத்தது. வழியில் யாரோ பிரித்துப் பார்த்து மறுபடி ஒட்டியிருந்தார்கள். இங்கே நாங்கள் இருவரும் சுகம். வீரகத்தியின் நோயைப் பற்றி வாசித்ததும் உன் மச்சாள் அழுதுவிட்டாள். அவள் அவரை ஒருமுறைதான் கண்டிருக்கிறாள், ஐயாவின் அடக்கத்தன்று, வாசலில் நின்றபோது.

ஒளிக்காமல் எழுதச் சொன்னாய். எழுதுகிறேன். மனிதன் நல்லவனாக இருப்பதினால் இரட்சிக்கப்படுவதில்லை. இரட்சிப்பு முழுவதும் கிருபை. உலகம் உண்டாகுமுன்னே தேவன் தமக்கென்று பிரித்தெடுத்துத் தெரிந்துகொண்டவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் என்றாவது ஒரு நாள் அவரை விசுவாசிப்பார்கள். அந்த விசுவாசமே அவர்கள் தெரிந்துகொள்ளப்பட்டதற்கு அடையாளம். அடையாளம் இல்லாத ஒருவரைப் பற்றி உனக்கு நல்ல வார்த்தை சொல்ல எனக்கு அதிகாரமில்லை. உன் கணவன் என்பதற்காக அதை மாற்றிச் சொன்னால் நான் போதகனாக இருக்க முடியாது.

ஆனால் இன்னும் நாள் இருக்கிறது. உங்கள் உபதேசியார் தங்கராசாவுக்கு எழுதியிருக்கிறேன். அவர் வந்து வீரகத்தியோடு பேசுவார். மனம் இசைந்தால் அங்கேயே ஞானஸ்நானம் கொடுப்பார். நீயும் எடுத்துச் சொல். உன் சொல்லைத் தட்டமாட்டார்.

கர்த்தருடைய சமாதானம் உன் வீட்டில் தங்குவதாக.
அண்ணன்
செல்வநாயகம்


அக்கராயன்
28.12.97

மச்சான் செல்வநாயகத்துக்கு,

வீரகத்தி எழுதுறன். நீங்கள் எல்லாரும் சுகமாயிருக்க வேணும். நான் இருக்கிறன். எழுத்து ஆடும், பொறுத்துக்கொள்ளுங்கோ. இதை ரூபிக்கு ஒளிச்சு எழுதேல்லை. பக்கத்திலை இருந்துதான் அரிசி புடைக்கிறாள். என்ன எழுதுறியள் எண்டு கேக்கமாட்டாள்.

உபதேசியார் ரெண்டு தரம் வந்தவர். நல்ல மனிசன், நாரத்தங்காயும் கொண்டந்து தந்தவர். "விசுவாசிக்கிறியோ?" எண்டு கேட்டார். நான் யோசிச்சுப் பாத்தன் மச்சான். சின்னனிலை இருந்து பிள்ளையாரைக் கும்பிட்டு வளந்தவன். வயல் விதைக்கவும் அவர்தான், அறுவடைக்கும் அவர்தான். நோ வந்த உடனை ஆளை மாத்திறது சரியில்லை. மனிசருக்கே நான் அப்பிடிச் செய்யேல்லை.

உங்கட ஆண்டவரிலை எனக்கு ஒரு கோவமும் இல்லை. ரூபி வாசிக்கேக்கை கேட்டிருக்கிறன். நல்லவர் எண்டுதான் நினைக்கிறன். ஆனா நம்புறன் எண்டு வாயாலை மட்டும் சொல்லித் தலையிலை தண்ணி ஊத்துவிச்சால், அவருக்கு முன்னாலையே அவருக்குப் பொய் சொன்ன மாதிரி. அவர் கண்டுபிடிச்சிடுவாரெல்லே.

ரூபி கேட்டால் சில நேரம் தலையை நீட்டியிருப்பன். அவள் கேக்கேல்லை. உபதேசியார் கதைக்கேக்கை எழும்பிக் குசினிக்குள்ளை அடுப்படிக்குப் போயிட்டாள்.

உங்களிட்டை ஒண்டு கேக்க வேணும். என்னைக் கட்டினதாலை தனக்குக் கடவுளிட்டைத் தண்டனை கிடைக்கும் எண்ட பயம் அவளுக்கு அண்டு தொடக்கம் இருக்கு. எங்களுக்குப் பிள்ளை இல்லாததையும் அதோடைதான் சேத்து வைச்சிருக்கிறாள். சொல்லமாட்டாள், எனக்குத் தெரியும். அப்பிடி ஒண்டுமில்லை எண்டு அவளுக்கு நீங்கள் எழுதுங்கோ. நான் சொன்னா நம்பமாட்டாள். நீங்கள் சொன்னா நம்புவாள்.

மச்சாளையும் கேட்டதாகச் சொல்லுங்கோ.
வீரகத்தி


வவுனியா
10.2.98

அன்புள்ள மைத்துனர் வீரகத்திக்கு,

உமது கையெழுத்தைக் கண்டது ஆறுதல். நோவின் நடுவிலும் எழுதினீர். உமது பெலவீனத்தில் கர்த்தர் உம்மைத் தாங்கும்படி இங்கே சபையாரும் வேண்டிக்கொள்கிறார்கள்.

உமது நேர்மையை மதிக்கிறேன். பயத்தினால் வாயளவில் அறிக்கை செய்கிறவர்களை நான் நிறையக் கண்டிருக்கிறேன். நீர் அப்படியில்லை. ஆனால் ஒன்றை உமக்குச் சொல்லாமல் விட்டால் நான் உமக்கு உறவினன் அல்ல. நேர்மை ஒருவனையும் இரட்சிக்காது. நல்ல மனைவியும் நல்ல நடத்தையும் இரட்சிக்காது. தேவன் உம்மை அழைக்கிறாரா என்று உமது உள்ளத்தில் கேட்டுப் பாரும். அழைப்புக் கேட்டால் தாமதிக்க வேண்டாம். கேட்கவில்லையென்றால், கேட்கும்படி மன்றாடும். இதைவிட மென்மையாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ரூபிக்கு என் அன்பு.
செல்வநாயகம்


அக்கராயன்
2.4.98

அன்புள்ள அண்ணாவுக்கு,

மச்சாளின்ர முழங்கால் வருத்தம் எப்பிடி? இங்கை வெய்யில் தொடங்கியிட்டுது. கிணத்துத் தண்ணி அடியிலை. நான் சுகமாயிருக்கிறன்.

நீங்கள் இவருக்கு எழுதின மாசி மாதக் கடிதம் பங்குனி முடியேக்கைதான் வந்தது. நான்தான் உடைச்சு வாசிச்சன். இவருக்கு இப்ப நோ எண்டு ஒண்டுமில்லை. முந்தின மாதிரிச் சாப்பாட்டுக் கரைச்சலும் இல்லை.

அண்ணா, இவர் உங்களிட்டை ஒண்டு கேட்டு எழுதினவர். என்ன கேட்டவர் எண்டு பிறகு எனக்குச் சொன்னவர். அதுக்கு நீங்கள் ஒரு வரியும் எழுதேல்லை. பரவாயில்லை.

என்ர கேள்வி வேறை. கிருபை எண்டால் தகுதி இல்லாதவைக்குத் தாறது எண்டு சின்னனிலை எனக்குச் சொல்லித் தந்தது நீங்கள்தான். இப்ப விசுவாசம் இருந்தால்தான் எண்டு சொல்லுறியள். அப்ப விசுவாசமும் ஒரு தகுதியாப் போச்சுதெல்லே? நல்ல நடத்தை உள்ளவன் அதைக் காட்டி உள்ளை போகேலாது, விசுவாசம் உள்ளவன் அதைக் காட்டிப் போகலாம் எண்டால், கிருபை எங்கை இருக்கு?

எதிர்த்துக் கதைக்கிறன் எண்டு நினைக்காதேங்கோ. எனக்குத் தெரிய வேணும்.

ரூபி


வவுனியா
20.5.98

கர்த்தருக்குள் அன்பான ரூபிக்கு,

வீரகத்திக்கு நோ இல்லை என்று நீ எழுதியதை வாசித்ததும் முழங்காலில் நின்று நன்றி சொன்னோம். ஞாயிறு ஆராதனையிலும் அறிவித்தேன். உன் மச்சாளின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. உன் கணவனுக்குக் கிடைத்த சுகத்தைச் சொல்லிச் சொல்லித் தன் வலியை மறக்கிறாள்.

உன் கேள்வியில் அர்த்தமிருக்கிறது. விசுவாசத்தை நாம் தேவனிடம் கொண்டுபோய்க் காட்டுகிற நற்சாட்சிப் பத்திரமாக நினைத்தால் நீ சொல்வதுதான் சரி. ஆனால் விசுவாசமும் அவரே கொடுப்பது. பிச்சைக்காரனுக்கு அரிசியும் கொடுத்து, அதை வாங்கப் பாத்திரமும் கொடுக்கிறவர் அவர். ஆகையால் தொடக்கம் முதல் முடிவுவரை கிருபைதான். வீரகத்திக்கும் அந்தப் பாத்திரத்தைக் கொடுக்கும்படி கேட்போம். சுகத்தைக் கொடுத்தவர் அதையும் கொடுப்பார்.

அவரிடம் இரண்டு வரி எழுதச் சொல். அவருடைய எழுத்தைக் காண ஆசையாயிருக்கிறது.

அண்ணன்
செல்வநாயகம்


அக்கராயன்
1.7.98

அன்புள்ள அண்ணா,

எல்லாரும் சுகமோ? நான் இருக்கிறன்.

இவருக்காகச் சபையிலை நன்றி சொன்னதாக எழுதியிருந்தியள். அதை வாசிச்சிட்டுக் கடிதத்தை மடிச்சு வேதப் புத்தகத்துக்குள்ளை வைச்சன்.

பாத்திரமும் அவர்தான் குடுக்கிறார் எண்டால், இவருக்குக் குடாமல் விட்டதும் அவர்தானே? வாங்க மாட்டன் எண்டு இவர் கையைத் தட்டேல்லை. தன்ர கையிலை இல்லாததை இருக்கு எண்டு சொல்லமாட்டன் எண்டுதான் சொன்னவர். என்னைப் பாருங்கோ. நான் போதகர் வீட்டிலை பிறந்தன். பேசத் தெரியமுதலே செபம் சொல்லத் தெரியும். நான் என்னத்தைத் தேடிக் கண்டுபிடிச்சன்? இவர் உருத்திரபுரத்திலை வயல் செய்யிற ஒரு கமக்காரன் வீட்டிலை பிறந்தார். என்னைத் தெரிஞ்செடுத்தவர், இவரை ஏன் தெரிஞ்செடுக்கேல்லை?

திமிர்வாதக்காரன் ஒருத்தனை நாலு பேர் சுமந்துகொண்டு வந்து கூரையைப் பிரிச்சு இறக்கினவை. ஆண்டவர் பாத்தது சுமந்து வந்தவையின்ர விசுவாசத்தை எண்டுதானே வேதத்திலை எழுதியிருக்கு. படுத்திருந்தவனிட்டை ஒரு கேள்வியும் கேக்கேல்லை.

மருந்துக்கும் சாமானுக்கும் ஒரு குறையும் இல்லை. ஒண்டும் அனுப்ப வேண்டாம்.

ரூபி


வவுனியா
30.8.98

அன்பான ரூபிக்கு,

இரண்டு மாதமாக உனக்குப் பதில் எழுத உட்கார்ந்து எழும்பினேன். எங்களுக்கு உடம்பில் குறையில்லை.

போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். பூவரசங்குளம் பக்கத்தில் இடம்பெயர்ந்த சனங்கள் இருக்கிற கொட்டில்களுக்குப் பால்மா கொடுக்கப் போயிருந்தோம். அழகம்மா என்று ஒரு இளம் பெண். மலையகத்திலிருந்து வந்து வன்னியில் கூலிவேலை செய்து வாழ்ந்த குடும்பம். சைவம். அவளுடைய கைக்குழந்தை காய்ச்சலில் அன்று காலைதான் இறந்திருந்தது. மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். என் வெள்ளை அங்கியைக் கண்டு, "சாமி, எம்புள்ளைய கடவுள் எடுத்துக்குவாருங்களா?" என்று கேட்டாள்.

இருபத்தைந்து வருடம் இதே கேள்விக்குப் பிரசங்கம் செய்தவன் நான். புத்தகத்தில் இருக்கிற பதில் எல்லாம் தெரியும். வெயிலில் மண்ணில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். குழந்தையின் நெற்றியில் கைவைத்துச் செபித்தேன். "உமக்குச் சித்தமானால்" என்று சொல்லித்தான் எப்போதும் முடிப்பேன். அன்றைக்கு அந்தச் சொல்லை விட்டுவிட்டேன். "இந்தப் பிள்ளையை ஏற்றுக்கொள்ளும்" என்று மட்டும் சொன்னேன். என்னோடு வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

திரும்பி வரும்போது உன் கேள்விதான் மனதில். தேவன் தெரிந்துகொள்கிறார் என்பதை நான் இன்றும் நம்புகிறேன், ரூபி. ஆனால் இத்தனை காலமும் அதை வெளியே நிற்கிறவர்களைப் பார்த்தே சொல்லிவந்தேன். அது உள்ளே இருக்கிறவன் தன்னைப் பார்த்து, "நான் எப்படி இங்கே வந்தேன்?" என்று கேட்டு வாய்பொத்தி நிற்க வேண்டிய வார்த்தை. அதை வைத்து நான் வேலி கட்டினேன். யார் உள்ளே, யார் வெளியே என்று எனக்குக் காட்டப்படவில்லை. காட்டப்படாத ஒன்றை உனக்கு எழுதியது என் பிழை.

நீ ஒருவருடைய தண்டனையும் அனுபவிக்கவில்லை. வீரகத்தியைக் கட்டியது பாவமும் அல்ல. இதை அவர் கேட்டபோதே எழுதியிருக்க வேண்டும்.

இந்தக் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டு. தேவன் உம்மைச் சேர்த்துக்கொள்ளமாட்டார் என்று சொல்ல எனக்கு வாயில்லை என்று அவரிடம் சொல்.

செல்வநாயகம்


அக்கராயன்
11.10.98

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கட கடிதம் வந்தது. ரெண்டு பேரும் சுகம் எண்டு கண்டு சந்தோசம். போன மாதம் இங்கை ஷெல் சத்தம் கூட. இப்ப குறைவு. எனக்கு ஒண்டுமில்லை.

இவருக்கு வாசிச்சுக் காட்டேலாது அண்ணா. இவர் செத்து வாற தையோடை ஒரு வருசம். தைப்பொங்கலுக்கு அடுத்த கிழமை. இவர் உங்களுக்கு எழுதின கடிதம் மன்னார்ப் பக்கப் பாதையாலை உங்களிட்டை வந்து சேர முந்தியே போயிட்டார். இவற்ர தம்பிமார் கொண்டுபோய் எரிச்சவை. உபதேசியாரிட்டை, அண்ணாவுக்கு நானே எழுதுறன், நீங்கள் எழுதாதேங்கோ எண்டு கேட்டுக்கொண்டன். பாவம், அவரும் எழுதேல்லை.

நோ இல்லை எண்டு எழுதினன். பொய் இல்லைத்தான். ஆனா நீங்கள் நன்றி சொல்லிச் செபிச்சது எனக்கு நெஞ்சைக் குத்தினது. மச்சாளிட்டை மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கோ.

ஏன் மறைச்சன் எண்டு கேப்பியள். செத்திட்டார் எண்டு எழுதினால் நீங்கள் ஆறுதல் சொல்லுவியள். தங்கச்சி அழுறாள் எண்டு எல்லாத்தையும் இளக்கி எழுதுவியள். எனக்கு ஆறுதல் தேவைப்படேல்லை. நீங்கள் உண்மையா என்னத்தை நம்புறியள் எண்டுதான் தேவைப்பட்டது.

இவர் போன அண்டைக்கு மத்தியானம் கரண்டியாலை தண்ணி பருக்கிக்கொண்டிருந்தன். ரெண்டு கரண்டி குடிச்சார். மூண்டாவதுக்கு வாயைத் திறக்கேல்லை. என்னைப் பாத்து, "ரூபி, நீ போற இடத்துக்கு என்னையும் விடுவினமோ?" எண்டு கேட்டார்.

"ஓம், விடுவினம்" எண்டு சொன்னன்.

யோசிச்சுச் சொல்லேல்லை அண்ணா. உங்களை நினைக்கேல்லை, ஐயாவை நினைக்கேல்லை, வேதத்தை நினைக்கேல்லை. "சரி" எண்டு சொல்லிப்போட்டுக் கண்ணை மூடினார். பொழுதுபடேக்கை போயிட்டார்.

தன்ர வாழ்நாளிலை எனக்கு ஒரு பொய் சொல்லாத மனிசன். ஆண்டவருக்கும் பொய் சொல்லமாட்டன் எண்டு படுத்தவர். அவருக்குக் கடைசியாகக் கேட்ட சொல்லை நான் பொய்யாச் சொல்லிப்போட்டனோ? அதை அறியத்தான் இவ்வளவு நாளும் உங்களுக்கு எழுதினது.

ரூபி


வவுனியா
22.11.98

ரூபி,

உன் கடிதத்தை நானும் வாசித்தேன், மச்சாளும் வாசித்தாள். நீ மன்னிப்புக் கேட்க ஒன்றுமில்லை என்று அவள் சொல்லச் சொன்னாள்.

நீ கேட்டதற்குத் தபாலில் பதில் எழுதமாட்டேன். அங்கே வர இராணுவத்திடம் அனுமதி கேட்டிருக்கிறேன். கிடைத்தால் வருடம் பிறக்க முன்னோ பின்னோ வருவேன். கிடைக்காவிட்டால் மறுபடியும் கேட்பேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். ஒழுங்காகச் சாப்பிடு.

அண்ணன்


அக்கராயன்
26.1.99

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுகமாகப் போய்ச் சேந்தியளோ? வழியிலை கன இடத்திலை இறக்கி ஏத்தியிருப்பினம். உங்களுக்குக் கால் வீங்கிறது தெரியும். மச்சாளிட்டைச் சொல்லி உப்புத் தண்ணியிலை வையுங்கோ.

நீங்கள் நிண்ட நேரம் எனக்கு நன்றி சொல்ல வாய் வரேல்லை. அதாலை எழுதுறன்.

வந்த அண்டைக்கு ஏதும் சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தன். நீங்கள் சாப்பிட்டியள், இவற்ர படத்தைப் பாத்தியள், "மெலிஞ்சு போனாரோ?" எண்டு மட்டும் கேட்டியள். எனக்குக் கோவமாக் கூட இருந்தது. இவ்வளவு தூரம் வந்தும் பதில் இல்லையோ எண்டு.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடக்கிற கிடுகுக் கொட்டிலுக்குள்ளை சனம் நிறைஞ்சிருந்தது. வருசத்தின்ர முதல் ஆராதனை. போன வருசம் கர்த்தருக்குள் நித்திரையானவையின்ர பேர் சொல்லி நன்றி செலுத்திற நேரம். வழமையா உபதேசியார்தான் சொல்லுவார். அண்டைக்கு உங்களைக் கேட்டவர். நீங்கள் சபையாற்ற பேரெல்லாம் சொல்லி முடிச்சியள். முடிஞ்சுது எண்டு நினைச்சு நான் குனிஞ்சன். கொஞ்சம் பொறுத்து, அதே குரலிலை, "வீரகத்தி. எங்கள் ரூபவதியின் கணவர். என் மைத்துனர்" எண்டியள். பிறகு, "தகுதியினால் ஒருவரும் வராத இடத்தில் இவர்களை உம்முடைய கிருபையினால் ஏற்றுக்கொண்டதற்காக உமக்கு ஸ்தோத்திரம்" எண்டு சொன்னியள்.

"ஏற்றுக்கொண்டதற்காக" எண்டுதான் சொன்னியள். "ஏற்றுக்கொள்ளும்" எண்டு கேக்கேல்லை.

உபதேசியார் கையிலை இருந்த புத்தகத்தை மூடினது கேட்டது. ஆராதனை முடியவும் உங்களுக்குக் கை தராமல் போயிட்டார். முந்தநாள் வழியிலை கண்டவர். "உம்மோடை எனக்கு ஒண்டுமில்லை, பிள்ளை. ஆனா போதகர் செய்தது முறையில்லை. நான் மேலிடத்துக்கு எழுதியிருக்கிறன்" எண்டு நேரே சொன்னார். அவரிலை பிழை சொல்ல மாட்டன். அவர் நம்பிறதை அவர் செய்யிறார். உங்களைக் கூப்பிட்டு விசாரிப்பினமோ? வேலையிலை கைவைப்பினமோ? அப்பிடி ஏதும் எண்டால் எனக்கு ஒளிக்காமல் எழுதுங்கோ. நான் மறைச்ச மாதிரி நீங்கள் மறைக்காதேங்கோ.

போன கிழமை தம்பிமார் இவருக்குத் திவசம் செய்தவை. என்னையும் கூப்பிட்டவை. போனன். அவையின்ர ஐயர் மந்திரம் சொல்லேக்கை நான் ஒரு பக்கத்திலை இருந்து என்ர செபத்தைச் சொன்னன். எனக்கும் ஒரு இலை போட்டவை. சாப்பிட்டிட்டு வந்தன்.

அண்ணா, அண்டைக்குக் கொட்டிலுக்குள்ளை நீங்கள் இவற்ர பேரைச் சொல்லி முடிக்க, ஒருத்தரும் ஆமென் சொல்லேல்லை. எல்லாரும் வேறை ஆரெண்டாலும் தொடங்கட்டும் எண்டு பாத்துக்கொண்டு நிண்டவை. பின்னாலை ஒரு குழந்தை இருமினது. பிறகு ஒரு ஆமென் கேட்டது. கொஞ்சம் பெரிய சத்தமா. ஆர் எண்டு நிமிந்து பாத்தன். எல்லாரும் என்னைத்தான் பாத்துக்கொண்டு நிண்டவை.

அதுக்குப் பிறகுதான் மற்றவையும் சொன்னவை.

மச்சாளுக்கு என்ர அன்பு. நான் சுகமாயிருக்கிறன்.

உங்கள் தங்கச்சி
ரூபவதி வீரகத்தி